ஏழை நாட்டுக்கு எதற்கு ஆராய்ச்சி?

ஆராய்ச்சி பணக்கார நாடுகளின் வேலை. சிறிய நாடுகளும் வறண்ட மாவட்டங்களும் மற்றவர் கண்டுபிடித்ததை வாங்கிப் பயன்படுத்தினால் போதும். இந்தக் கருத்தை மேடையில் யாரும் இவ்வளவு அப்பட்டமாகச் சொல்வதில்லை. மேடையில் அறிவியலுக்கு மாலைதான் விழும். நிதி ஒதுக்கும் அறைக்குள் போன பிறகுதான் இது வாய் திறக்கிறது. இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது, 2020-21 கணக்குப்படி, உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடு. இலங்கையோ பல ஆண்டுகளாக 0.1 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வறுமையை மட்டும் காரணமாகக் காட்டி இந்த எண்களைக் கடந்துவிட முடியாது. ஒரு வாதத்தை நம்பி, ஆண்டுக்கு ஆண்டு தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவுகள் இவை. ஆகவே அந்த வாதத்தோடுதான் வழக்காட வேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுவது நியாயம். கையில் இருக்கும் பணம் கொஞ்சம். சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் அதற்காகக் காத்திருக்கின்றன. அறிவியல் அறிவோ உலகத்துக்குப் பொதுவானது. அமெரிக்காவில் அச்சாகும் கட்டுரையைக் கண்டாச்சிபுரத்தில் இருந்தும் படிக்கலாம். அப்படியிருக்க, பிறர் செலவில் கிடைப்பதை நாமும் ஏன் செலவழித்துத் தேட வேண்டும்? லாபம் தரும் ஆராய்ச்சி என்றால் தனியார் நிறுவனங்கள் தாமாகவே செய்யும். லாபமே தராத ஆராய்ச்சிக்கு வரிப்பணத்தைத் தருவது நியாயமில்லை. மீறித் தந்தாலும், சீக்கிரம் பலன் காட்டும் திட்டங்களுக்கும் பெயர்பெற்ற நாலைந்து நிறுவனங்களுக்கும் மட்டும் தர வேண்டும். இதுவரை கொடுத்ததில் பெரும்பகுதி யாரும் படிக்காத கட்டுரைகளாகத்தான் முடிந்திருக்கிறது. இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த வாதம். முட்டாள்தனமானதல்ல, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்வது. ஆனால் அந்தக் கணக்கில் விடுபட்டவை அதிகம்.

மறுப்பைத் தொடங்குமுன் ‘சிறிய நாடு’ என்பதற்கு ஓர் எல்லை போட்டுக்கொள்வோம். இலங்கை சிறிய நாடு என்பதற்கு வரைபடமே சாட்சி. ஆராய்ச்சியைப் பொறுத்தவரை கண்டாச்சிபுரம் வட்டமும் ஒரு சிறிய நாடுதான். விழுப்புரம் மாவட்டத்தின் மேற்கில், பாறைக்குன்றுகளும் ஏரிகளும் செம்மண் காடுகளும் உள்ள இந்தப் பகுதியின் மானாவாரி மல்லாட்டையையோ (நிலக்கடலையையோ) எள்ளையோ நம்பிப் பிழைக்கும் உலக நிறுவனம் எதுவும் இல்லை. இங்கத்திய பிரச்சினை தீர்ந்தால் பணம் பண்ணக்கூடியவர் எவரும் வெளியில் இல்லை. எந்த நாட்டின், எந்தப் பகுதியின் கேள்விகள் வெளிச்சந்தையில் விலைபோகாதவையோ, அது எத்தனை பெரிய தேசத்துக்குள் இருந்தாலும் சிறியதுதான். இந்த அர்த்தத்தில் இந்தியாவுக்குள் பல சிறிய நாடுகள் இருக்கின்றன. இனி மறுப்புகள்.

1. அறிவு பொதுவானது, சரி. கேள்வி யாருடையது? அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் மல்லாட்டை சாகுபடிக்குப் பேர்போனது. அங்கே நல்ல ஆராய்ச்சியும் நடக்கிறது. அங்கே பயிராகும் கொடி ரகங்கள் வயலில் சுமார் நான்கரை மாதம் நிற்பவை. இயந்திரத்தால் பிடுங்கிப் புரட்டி, இயந்திரத்தாலேயே காய் பிரிக்கப்படுபவை. ஆடியில் பெய்யும் மழையை நம்பி விதைத்து, மூன்றரை மாதத்தில் கையால் பிடுங்கி, ஆள் வைத்துக் காய் ஆய்கிற மானாவாரிக்காரருக்கு அந்த ரகம் உதவாது. முதல் மழை விழுந்ததும் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும் அந்துப்பூச்சிகளின் முட்டையிலிருந்து வந்து இளம்பயிரை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவைப் பற்றி ஜார்ஜியாவில் யாரும் கவலைப்படப் போவதில்லை. இங்கே உதவியது எது? திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் பகுதிக் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2. ஏறக்குறைய 105 நாளில் காய்க்கு வரும் அந்த ரகம் திண்டிவனம் இருந்த அன்றைய தென்னார்க்காட்டோடு நிற்கவில்லை. ஆந்திராவின் அனந்தபூர் வரைக்கும், கர்நாடகத்தின் வறண்ட தாலுகாக்கள் வரைக்கும் போனது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அனந்தபூர் விவசாயிகள் அதை விடாமல் வைத்திருந்தார்கள். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அதற்கு மாற்றாக வேறொரு ரகத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஐதராபாத்தின் இக்ரிசாட் நிறுவனம் தனியாக முயற்சி எடுக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு மறுகேள்வி வரும்: இக்ரிசாட் போன்ற சர்வதேச நிறுவனங்கள் இருக்கும்போது உள்ளூர் நிலையம் எதற்கு? இக்ரிசாட் தொடங்கப்பட்டது 1972-இல். டி.எம்.வி. 2 அதற்கு 32 ஆண்டு மூத்தது. சர்வதேச நிறுவனம் தரும் வித்துகளை இந்த மண்ணில் போட்டுப் பார்த்து, எது நிற்கும், எது சாயும் என்று சொல்ல இன்றைக்கும் உள்ளூர் நிலையம்தான் வேண்டும்.

2. வாங்குவதற்கும் அறிவு வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் கணக்கில் வரவே இல்லை. பி.சி.ஜி. தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். 1950களில் பிரிட்டனில் பதின்வயதினரிடம் நடந்த சோதனையில் அது காசநோயை எழுபது விழுக்காட்டுக்கு மேல் தடுப்பதாகத் தெரியவந்தது. அந்த முடிவை அப்படியே வாங்கி, ‘எங்கள் பெரியவர்களுக்கும் இது கேடயம்’ என்று இருந்துவிட்டிருக்கலாம். 1968-இல் தொடங்கி, திண்டிவனத்துக்குப் பக்கத்து மாவட்டமான அன்றைய செங்கல்பட்டில், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதைச் சோதித்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயிலிருந்து இங்கே அது பாதுகாப்புத் தரவில்லை என்று முடிவு வந்தது. குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காப்பதால் பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது, போட வேண்டியதும்தான். ஆனால் பெரியவர்களின் காசநோய்க்கு அதை நம்பியிருக்கக் கூடாது என்ற உண்மையை லண்டனிலிருந்து இறக்குமதி செய்திருக்க முடியாது. இங்கிலாந்தில் உண்மையானது செங்கல்பட்டில் உண்மையாக இல்லை. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவும் இந்தச் சோதனைக்கு உதவின என்பது வாஸ்தவம். அந்த உதவியைப் பயன்படுத்தி, வீடு வீடாகப் போய்ச் சளி எடுத்து, பதினைந்து ஆண்டு கண்காணிக்க இங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதும் அதே அளவு வாஸ்தவம்.

வாங்கும் அறிவுக்கு இன்னும் கசப்பான சாட்சி இலங்கை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்கு அந்நாட்டு அரசு தடை விதித்தது. பேராதனைப் பல்கலைக்கழக வேளாண் அறிவியலாளர்கள் உள்ளிட்ட பலர் வெளிப்படையாக எச்சரித்தும் காதில் ஏறவில்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிபட்டது, நவம்பரில் தடை வாபஸானது. இதற்கிடையே சீனாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை உரத்தின் மாதிரியில் தீங்கு செய்யும் எர்வீனியா பாக்டீரியா இருப்பதாக இலங்கையின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆய்வகம் சொன்னது. விற்ற நிறுவனம் மறுத்தது, தகராறு முற்றியது, கடைசியில் உரம் இறங்காமலே இலங்கை அறுபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்தது. இதை வைத்து, ‘விஞ்ஞானிகள் இருந்தும் என்ன ஆயிற்று?’ என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆராய்ச்சிக்குப் பணம் தந்தால் மட்டும் ஆட்சியாளர் புத்தி கேட்பார் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் தன் வருமானத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் ஆராய்ச்சிக்கு எடுத்துவைக்கும் நாட்டில், முடிவெடுக்கும் மேசையில் விஞ்ஞானியின் சொல்லுக்கு எவ்வளவு எடை இருக்கும்? அத்தனை குழப்பத்திலும் ‘இதை இறக்காதே’ என்று சொல்ல ஓர் ஆய்வகம் இருந்ததால்தான் சந்தேகத்துக்குரிய அந்தச் சரக்கு வயலுக்குப் போகவில்லை. அந்த ஆய்வகமும் இல்லாதிருந்தால் எதைக்கொண்டு மறுத்திருப்பார்கள்?

3. தேவை வரும்போது நிபுணரை வரவழைத்துக்கொள்ளலாம் என்பவர்கள், இலங்கையின் காப்பிக் கதையைப் படிக்கட்டும். 1869-இல் அங்கே காப்பித் தோட்டங்களில் துரு நோய் தென்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போய், அதே ஆண்டில் பூஞ்சைக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்ததோடு சரி. அந்தப் பூஞ்சை எப்படிப் பரவுகிறது, எந்தக் கட்டத்தில் தடுக்கலாம் என்று முறையாக ஆராய மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் வந்து சேர்ந்தது 1880-இல். இடைப்பட்ட பதினோரு ஆண்டில் தோட்டக்காரர்கள் காப்பி விலை நன்றாக இருக்கிறதென்று மேலும் மேலும் நட்டுக்கொண்டே போனார்கள். பரப்பு இரண்டரை லட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஒரே பயிரை மலைமலையாக நட்டதுதான் காற்றில் பரவும் நோய்க்கு வழி திறந்தது என்று வார்டு விளக்கியபோது, காப்பாற்ற அதிகம் மிச்சமில்லை. ஆர்க்காட்டிலிருந்தும் திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்தும் நடந்துபோய்க் கூலிக்கு நின்ற தமிழர்களின் வயிற்றிலும் அந்த நட்டம் விழுந்தது. தேயிலைக்கு மாறிய பிறகு அந்தத் தீவு பாடம் கற்றது. 1925-இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சட்டம் போட்டு அமைத்து, ஏற்றுமதியாகும் தேயிலையின் மீதே ஒரு சிறு வரி விதித்து அதை நடத்தியது. தென்னைக்கும் ரப்பருக்கும் அப்படியே நிறுவனங்கள் எழுந்தன. சின்ன வரி, தொடர்ந்த வரி, பயிரோடு கட்டிய வரி.

‘ஒருமுறை நல்ல ரகம் கண்டுபிடித்தாகிவிட்டது, பிறகென்ன?’ என்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான். 1912-இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் நாட்டுக் காட்டுக்கரும்பையும் உயர்ரகக் கரும்பையும் ஒட்டி உருவாக்கிய கோ 205, 1918-இல் வெளிவந்தது; வட இந்தியக் கரும்பின் தலையெழுத்தை மாற்றியது. அதே பரம்பரையில் வந்த கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தது. பிறகு செவ்வழுகல் நோய் புகுந்தது. இப்போது அதை மாற்ற ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பூச்சியும் பூஞ்சையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. நேற்றைய விடை இன்றைக்குச் செல்லாது. விழுப்புரம் மாவட்டத்தின் கரும்புக்காரருக்கும் இது பொருந்தும். ஆராய்ச்சியை நிறுத்தினால் இருக்கும் இடத்திலேயே நின்றுவிடலாம் என்று நினைப்பது தவறு, பின்னால்தான் போவோம்.

4. லாபம் இருந்தால் தனியார் செய்வார்கள் என்பது உண்மை. லாபம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் வீரிய ஒட்டு விதையை விவசாயி ஆண்டுதோறும் புதிதாக வாங்கியாக வேண்டும். ஆகவே நிறுவனங்கள் அங்கே போட்டி போடுகின்றன. மல்லாட்டை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். இந்த ஆண்டு விளைந்த காயையே உடைத்து அடுத்த பட்டத்துக்கு விதைப்பருப்பாகப் போடலாம். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு தேவைப்படும்; ஒரு மூட்டை விதை ஒரே போகத்தில் நூறு மூட்டையாகப் பெருகுவதும் இல்லை. கட்டிச் சுமந்து விற்பதற்குக் கனம், திரும்ப வாங்க ஆளில்லை. எந்த விதை நிறுவனம் இதில் பத்தாண்டு உழைப்பைப் போடும்? எள்ளுக்கும் சாமைக்கும் வரகுக்கும் நிலைமை இதைவிட மோசம். அதாவது, ஏழை விவசாயியைக் காப்பாற்றும் குணம் எதுவோ, விதையைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்பது, அதுவேதான் தனியார் முதலீட்டைத் துரத்துகிறது. சந்தை இங்கே தவறிப்போய் வராமல் இல்லை. சரியாகக் கணக்குப் போட்டுத்தான் வராமல் இருக்கிறது.

இது தெரிந்தும் தில்லியின் கை தனியாரையே காட்டுகிறது. 2023-இல் சட்டமான தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் சுமார் 36,000 கோடி அரசுக்கு வெளியே, தொழில்துறையிலிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் வர வேண்டியது. 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு இன்னொரு திட்டம் ஒப்புதல் பெற்றது. அது தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ நீண்டகாலக் கடன் தருவது. ஆரம்பக் கட்டத்தைத் தாண்டி ஓரளவு தேறிய தொழில்நுட்பங்களுக்கானது. இவற்றில் தவறில்லை. மின்கலம் செய்பவருக்கும் சில்லு செய்பவருக்கும் கடன் தேவைதான். ஆனால் சிவப்புக் கம்பளிப்புழுவை ஆராய்பவர் எதைக் காட்டிக் கடன் வாங்குவார், எதை விற்றுத் திருப்பிக் கட்டுவார்? கடனாகக் கொடுக்கக்கூடிய ஆராய்ச்சி ஒன்று. கொடையாக மட்டுமே கொடுக்கக்கூடிய ஆராய்ச்சி வேறொன்று. முன்னதற்குப் பெரிய எண்ணை அறிவித்துவிட்டுப் பின்னதையும் அதன் கணக்கிலேயே எழுதுவது ஏமாற்று.

5. சீக்கிரம் பலன் தரும் திட்டத்துக்கு மட்டும் பணம் என்பவர்கள், பலன் தந்த ஆராய்ச்சிகளின் வயதைப் பார்த்ததில்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு இந்தியா உருவாக்கிய ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் மூலக்கிருமி தில்லியில் பச்சைக் குழந்தைகளிடம் கண்டெடுக்கப்பட்டது 1980களின் நடுவில். மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2014-இல். மூன்றாண்டுத் திட்டங்களாக மட்டும் பணம் கிடைத்து, ஒவ்வொரு தவணை முடிவிலும் ‘என்ன பலன்?’ என்று கேட்டிருந்தால், ஒன்பது முறையாவது அது சாகடிக்கப்பட்டிருக்கும். இலங்கையின் பத்தலகொட நெல் நிலையம் எச்-4 ரகத்தை 1950களின் இறுதியில் வெளியிட்டபோது, பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இன்னும் பிறக்கவில்லை; அது பிறந்தது 1960-இல், அதன் புகழ்பெற்ற ஐ.ஆர்.8 வந்தது 1966-இல். சர்வதேச நிறுவனம் வரட்டும் என்று அந்தச் சின்னத் தீவு காத்திருக்கவில்லை. பின்னாளில் தன் நெல்வயல்களை ஏறக்குறைய முழுவதும் தன் நாட்டு மேம்பட்ட ரகங்களாலேயே நிரப்ப அதனால் முடிந்தது.

பேர்பெற்ற சில நிறுவனங்களில் பணத்தைக் குவிப்பதும் இதே அவசரத்தின் பிள்ளை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் உலகின் முதல்தர நிறுவனமாகப் பிறக்கவில்லை. சானட்டோரியத்தில் படுக்க வைக்க இடமும் பணமும் இல்லாத ஊரின் கேள்வியை அது கேட்டது: குடிசையில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதாதா? 1959-இல் வெளியான விடை, போதும் என்றது. வீட்டிலிருப்பவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை என்று பிந்தைய கண்காணிப்பு காட்டியது. பணக்கார நாடுகளின் சானட்டோரியங்களும் மூடப்பட இது ஒரு முக்கியக் காரணம். சானட்டோரியம் கட்டப் பணமிருந்தவர்களுக்கு இப்படியொரு கேள்வியைக் கேட்க அவசரமே இருந்திருக்காது. இன்று நம் மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பது மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் கல்லூரிகளிலும். விழுப்புரத்துக்கென்று 2021-இல் உருவான பல்கலைக்கழகம் அதே ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. யார் தொடங்கினார், யார் மூடினார் என்பது கட்சிக்காரர்களின் வழக்கு. ஆராய்ச்சிக்கு முக்கியமானது வேறு: ஒரு நிறுவனம் ஓராண்டு நிற்குமா என்பதே உறுதியில்லாத இடத்தில் பத்தாண்டுக் கேள்வியை எவரும் எடுக்கமாட்டார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரைக்கருகில் நின்று பெய்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை விழுந்தது, தென்பெண்ணை கரைமீறியது. அப்படி ஒரு மழைக்கு எந்த ஏரி முதலில் உடையும், எந்த ஓடை எந்தத் தெருவில் திரும்பும் என்று கணிக்கும் வேலையைத் தில்லியிலோ பெங்களூரிலோ உள்ள பெயர்பெற்ற நிறுவனம் நமக்காகச் செய்து வைக்கப்போவதில்லை.

6. கொடுத்த பணம் வீணானது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு; அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. யாரும் படிக்காத கட்டுரைகள், காசு கொடுத்து அச்சிடும் ஆய்விதழ்கள், வெட்டி ஒட்டிய ஆய்வேடுகள் எல்லாம் இருக்கின்றன. இவை எப்படிப் பெருகின? முனைவர் பட்டம் வாங்க ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள் சொன்னன. 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. இடைப்பட்ட காலத்தில் எண்ணிக்கையைக் கேட்டோம், எண்ணிக்கை கிடைத்தது. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமானால் கெட்டிக்கார மாணவர் வேறு வேலைக்குப் போகிறார். போக வழியில்லாதவர் தங்கி, சீக்கிரம் முடியும் வேலையைச் செய்கிறார். கருவி வாங்கப் பணம் வந்து, அதைப் பழுதுபார்க்கப் பணம் வராவிட்டால் கருவி உறை போட்டு நிற்கிறது. ஆராய்ச்சிக் கருவிகளுக்கு 5 விழுக்காடு மட்டும் என்று இருந்த சரக்கு-சேவை வரிச் சலுகை 2022 ஜூலையில் நீங்கியது. 2024-இல் ஆராய்ச்சி மானியத்துக்கே வரி கேட்டு நிறுவனங்களுக்கு அறிவிக்கை போனது. கூச்சல் எழுந்த பிறகு செப்டம்பரில் விலக்கு வந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கி, நடுவில் நிறுத்தி, பிறகு ‘பார், ஒன்றும் விளையவில்லை’ என்பது வாதமாகாது. வீணாவதன் பெரும்பகுதி, பணம் அதிகமாக வந்ததால் நேரவில்லை. விட்டுவிட்டு வந்ததால் நேர்ந்தது. பாதியில் தண்ணீர் நிறுத்திய பயிருக்கு ஊற்றிய தண்ணீரெல்லாம் வீண்தான். அதற்காக விவசாயத்தையே விட்டுவிடச் சொல்பவர் யாருமில்லை.

7. கடைசியாக, பணம் இல்லை என்ற வாதம். பணம் இல்லை என்று சொல்பவர் எதற்கெல்லாம் பணம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதற்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போகிறது. 1986-இல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கிய பத்தாண்டில் நாட்டின் எண்ணெய்வித்து உற்பத்தி ஏறக்குறைய இரு மடங்கானது. இதில் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் பங்கு உண்டு, விலை ஆதரவுக்கும் உண்டு. பிறகு, வெளியில் வாங்குவது மலிவு என்ற கணக்கு ஜெயித்தது. இறக்குமதிக் கதவு திறந்தது. அந்த மலிவுக்கு 2022-இல் விலைச்சீட்டு வந்தது. அந்த ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. மூன்று வாரத்துக்கு மேல் அந்தக் கதவு மூடிக் கிடந்தபோது, நம் கடைகளில் எண்ணெய் விலையை அங்கிருந்த அரசு ஆட்டிவைத்தது. பிறரிடம் வாங்கலாம் என்ற கொள்கையில், பிறர் விற்கமாட்டேன் என்று சொல்லும் நாளுக்கு ஒதுக்கீடு எங்கே இருக்கிறது? தென்கொரியா 1966-இல் தன் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியபோது அது பணக்கார நாடு இல்லை. பணக்காரர் ஆன பிறகு ஆராய்ச்சி செய்யலாம் என்று காத்திருக்கவுமில்லை. இன்று தன் உற்பத்தியில் 5 விழுக்காட்டை ஒட்டி ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. சுமார் ஒரு கோடி மக்களைக் கொண்ட கியூபா, பல பத்தாண்டுகள் விடாமல் வளர்த்த ஆய்வகங்களைக் கொண்டு 2021-இல் தன் கொரோனா தடுப்பூசியைத் தானே செய்துகொண்டது. வாங்கப் பணமிருந்த பல நாடுகளும் அப்போது வரிசையில் நின்றன.

‘சரி, எங்கிருந்து எடுப்பது?’ என்பது இனி எஞ்சும் நேர்மையான கேள்வி. இதற்குப் புதிய வரி தேவையில்லை. 2021 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டம், இறக்குமதியாகும் சமையல் எண்ணெய் மீது வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரியை விதித்தது. அதில் நூற்றில் ஒரு ரூபாயையாவது எண்ணெய்வித்து ஆராய்ச்சிக்கென்று சட்டத்திலேயே எழுதிவைக்கலாம். இலங்கை 1925-இல் தேயிலைக்குச் செய்தது இதைத்தான். அந்தப் பணம் நிதியமைச்சரின் மனநிலையைப் பொறுத்து வரக் கூடாது. தவணை தவறக் கூடாது. பத்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் பரிசீலனைக்கு வர வேண்டும். அதில் ஒரு பங்கு திண்டிவனம் போன்ற மாவட்ட நிலையங்களுக்கும், மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களுக்கும் கட்டாயம் போக வேண்டும். ஐரோப்பா நேரடியாக உண்ணும் மல்லாட்டையில் அஃப்ளாடாக்சின் நஞ்சை நூறு கோடியில் நான்கு பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. காய் முதிரும்போது வறட்சி வந்தால் அந்த நஞ்சு கூடும். நம் மானாவாரிக் காடுகளில் வறட்சி பெரும்பாலும் அப்போதுதான் வரும். இந்தப் பிரச்சினையைத் தீர்க்கும் ரகமோ முறையோ வந்தால் விழுப்புரம் கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்) மூட்டை போடும் விவசாயிக்கு என்ன விலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அது ஆடம்பரத்தின் கணக்கு அல்ல.

எதிர்த்தரப்பு இனி இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். இந்த மண்ணின் கேள்விகளுக்கு இந்த மண்ணுக்கு வெளியே விடை தேடும் நிறுவனம் எது, எந்தச் செலவில், எந்தத் தேதிக்குள் தரும் என்று பெயர் சொல்ல வேண்டும். அது முடியாவிட்டால், சிக்கனம் என்று தாங்கள் பேர் வைத்திருப்பது வெறும் தள்ளிப்போடல் என்றும், அதன் வட்டியை எண்ணெய்க் கடையிலும் மருத்துவமனையிலும் வெள்ளம் புகுந்த வீட்டிலும் மற்றவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்.